மாமா அழுது நான் பார்த்ததே இல்லை. இது மனச்சோர்வுதானா, டாக்டர்?

ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையிலிருந்து, அதாவது தோட்டத்து வீட்டிலிருந்து, வந்த கடிதம் இது. எழுதியவர் 32 வயது மருமகள். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை எடுத்துவிட்டு, அவர் சம்மதத்துடன் சுருக்கித் தருகிறேன்.

மாமனாருக்கு வயது 64. சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பத்து வருடமாக உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார். ஏழு ஏக்கர் தென்னை, நாலு உருப்படி மாடு. வெள்ளை ஈ வந்ததிலிருந்தே காய்ப்புக் குறைவு. அப்புறம் வேர் வாடல் நோயும் சேர்ந்துகொள்ள, போன ஆடியில் 140 மரத்தை ஜேசிபி வைத்துச் சாய்த்திருக்கிறார்கள். அவரும் அவருடைய அப்பாவும் சேர்ந்து வைத்த மரங்கள். அன்றைக்குப் பொழுது முழுக்க வரப்பிலேயே நின்றாராம். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை.

அதற்குப் பிறகுதான் மாற்றம். விடிகாலை மூன்று மணிக்கே எழுந்து மாட்டுக் கட்டுத்தரையில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறார். பொள்ளாச்சி மாட்டுச் சந்தைக்கு மாடு வாங்காவிட்டாலும் வாரம் தவறாமல் போய் வந்தவர், இப்போது போவதில்லை. அரிசியும்பருப்புஞ் சாதம் என்றால் உயிர், அதையும் வட்டலில் அப்படியே வைத்துவிட்டு எழுந்துவிடுகிறார். வேட்டிக்கு மேல் கட்டும் பச்சை பெல்ட்டில் இரண்டு ஓட்டை உள்ளே போயிருக்கிறது. “மேலெல்லாம் எரியுது, வயித்துல என்னமோ ஒரு மாதிரியா இருக்குது” என்று சொன்னதால் கோயம்புத்தூரில் எண்டோஸ்கோப்பி, ஸ்கேன் எல்லாம் எடுத்தாயிற்று. குறை ஒன்றும் இல்லை. எதற்கும் எரிந்து விழுகிறார். பால் சொசைட்டியில் பணம் வாங்க மறந்துவிடுகிறார். ஒரு நாள், “நான் தண்ணி சரியாப் பாச்சியிருந்தா மரம் போயிருக்காது. உங்களையெல்லாம் நான்தான் கெடுத்துட்டேன்” என்றிருக்கிறார்.

வீட்டில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். மாமியாரைக் கேட்டால் ஏழரைச் சனி, கொடுமுடி கோயிலுக்குப் போய்ப் பரிகாரம் செய்தால் தீரும். கணவரைக் கேட்டால் வயசு. மாமனாரின் அண்ணனுக்கோ வேறு பயம்: மனநல டாக்டரிடம் போனால் பைத்தியக்காரப் பட்டம் வந்துவிடும், நாளைக்குப் பாகப்பிரிவினையில் போடும் கையெழுத்தே செல்லாமல் போகும். பக்கத்து ஊர் மருந்துக்கடைக்காரர் ஒருவர், “அரை மாத்திரை பால்ல கலந்து குடுங்க, நல்லாத் தூங்குவாரு” என்று ஒரு பட்டையைக் கொடுத்திருக்கிறார். கொடுக்கலாமா? இது மனச்சோர்வா, வயசா? சாகிற எண்ணம் இருக்கிறதா என்று நாமே கேட்டால் இல்லாததைத் தூண்டிவிட்ட மாதிரி ஆகிவிடாதா? இவைதான் அவருடைய கேள்விகள்.

கையெழுத்துப் போட்ட பிறகு நாலு வரி சேர்த்திருக்கிறார்: “இரண்டு நாளாகக் கொஞ்சம் தெளிவாக இருக்கிறார், டாக்டர். செவலை மாட்டை என் அத்தையின் தம்பி வீட்டுக்கு ஓட்டிவிட்டுவிட்டார். மொய் நோட்டையும் பாஸ்புக்கையும் என் வீட்டுக்காரரிடம் கொடுத்து, இனி நீயே பார்த்துக்க என்றார். அதனால் சரியாகிவிடும் என்றுதான் நினைக்கிறேன்.”

முதலில் அந்தக் கடைசி நாலு வரி

அம்மிணி, உங்கள் கடிதம் கைக்கு வந்த அன்றே தனியாகப் பதில் அனுப்பியதற்குக் காரணம் அந்தப் பின்குறிப்புதான். அன்று அவசரமாக எழுதியதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன். உங்கள் வீட்டைப் போல இன்னும் எத்தனையோ வீடுகளில் இதே கேள்வி இருக்கும்.

64 வயதுக்காரர் கணக்கு வழக்கை மகனிடம் ஒப்படைப்பது அதிசயம் இல்லை. மாட்டைப் பராமரிக்க முடியாமல் சொந்தக்காரர் வீட்டுக்கு அனுப்புவதும் உலக வழக்கம்தான். ஆனால், ஏழு மாதமாக உறங்காமல், உண்ணாமல், “நான்தான் கெடுத்துட்டேன்” என்று சொல்லிக்கொண்டிருக்கும் ஒருவர் இரண்டையும் ஒரே வாரத்தில் செய்கிறார். கூடவே முகமும் திடீரென்று தெளிகிறது. எங்கள் மனநல மருத்துவத் தொழிலில் இதைக் கண்டால் நாங்கள் நிம்மதி அடைவதில்லை. மொய் நோட்டு நம் பக்கத்தில் வெறும் கணக்குப் புத்தகமா என்ன? யார் வீட்டுச் சீருக்கு யார் என்ன வைத்தார்கள் என்று ஒரு மனுஷன் ஊரோடு வைத்திருக்கும் பந்தம் அத்தனையும் அதில் இருக்கிறது. அதைக் கையைவிட்டுக் கொடுத்தால் என்ன ஏது என்று கேட்கத்தான் வேண்டும்.

நோய் உண்மையிலேயே குறையத் தொடங்கினால் அதற்கு ஒரு வரிசை உண்டு. தூக்கம் கொஞ்சம் திரும்பும், சாப்பாடு இறங்கும், தோப்புப் பக்கம் கால் போகும். தெளிவும் ஏறி இறங்கி, மெதுவாகத்தான் வரும். உங்கள் மாமனார் இன்னமும் மூன்று மணிக்குத்தான் எழுகிறார். தூக்கம் திரும்பாமல் தெளிவு மட்டும் வந்திருக்கிறது. வாழ்வதா வேண்டாமா என்று மாதக்கணக்காக உள்ளுக்குள் இழுபறியில் கிடந்தவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால், அந்த இழுபறி நின்றுபோவதே வெளியே அமைதியாகத் தெரியலாம். எல்லோருக்கும் அப்படித்தான் என்று சொல்லமாட்டேன். என் கணிப்பு தப்பாக இருந்தால் மிகவும் சந்தோஷப்படுவேன். ஆனால், அப்படி இருக்கலாம் என்று வைத்துக்கொண்டுதான் நடக்க வேண்டும்.

இன்று பொழுது சாய்வதற்குள் செய்ய வேண்டியவை இவை. தோட்டத்து மருந்து, களைக்கொல்லி, எலி மருந்து எதுவும் சாளையில் இருக்கக் கூடாது. பூட்டி வைத்தால் போதாதா என்று கேட்பீர்கள். முப்பது வருடமாகச் சாவி எங்கே தொங்குகிறது என்று அவருக்குத் தெரியும். அதனால் வேறு தோட்டத்துக்கே கொண்டுபோய்விடுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரைகளையும் ஒரு நாள் கணக்கில் எடுத்துக் கொடுங்கள், பட்டை உங்கள் கையில் இருக்கட்டும். ராத்திரி உங்கள் கணவர் அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்கட்டும், மூன்று மணிக்கு அவர் எழும்போது கூடவே எழட்டும். கிணற்று மேட்டுக்கும் மோட்டார் ரூமுக்கும் அவரைத் தனியே அனுப்பாதீர்கள்.

“செய்யணும்னு நினைச்சவங்க எப்படியும் செய்வாங்க, தடுக்க முடியுமா” என்று பலர் சொல்வார்கள். அது தப்பு. சாக வேண்டும் என்ற வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரம் உச்சத்தில் நின்றுவிட்டு இறங்கிவிடுகிறது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம். இலங்கையில் 1990-களின் நடுவிலிருந்து கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடை செய்தார்கள், தற்கொலைகள் மிகப் பெரிய அளவில் குறைந்தன. அங்கே மனிதர்களின் கவலை ஒன்றும் குறைந்துவிடவில்லை, டப்பாதான் கைக்கெட்டாமல் போனது.

ராத்திரி திடீரென்று பயமாக இருந்தால் 14416-ஐக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் என்ற தொலைபேசி மனநலச் சேவை, 2022 அக்டோபரில் தொடங்கியது. கட்டணம் இல்லை, எந்த நேரமும் தமிழில் பேசலாம். நோயாளிதான் பேச வேண்டும் என்று இல்லை, நீங்களே பேசலாம். அவர் ஏதாவது செய்துகொண்டார் என்று சந்தேகம் வந்தாலும் 108-தான். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்கிற வேலை எல்லாம் வேண்டாம்.

கேட்டால் தூண்டிவிடுமா?

தூண்டாது. இது பல காலமாக ஆராய்ந்து பார்க்கப்பட்ட விஷயம். அந்த எண்ணம் இல்லாதவருக்கு நாம் கேட்பதால் வந்துவிடுவதில்லை. இருப்பவருக்கோ, ‘இதைச் சொல்லவும் ஒரு ஆள் இருக்கிறது’ என்று பாரம் கொஞ்சம் இறங்குகிறது.

யார் கேட்பது? மகன் கேட்பதுதான் முறை என்று நினைப்பீர்கள். ஆனால், உங்கள் கடிதத்தைப் படித்தால் அவரை உற்றுக் கவனித்திருப்பது நீங்கள் ஒருவர்தான். தட்டில் மிச்சம் இருந்ததும் பெல்ட் ஓட்டையும் வேறு யார் கண்ணிலும் படவில்லை. மாட்டுக்குத் தீவனம் வைக்கும் நேரம், பேத்தி பள்ளிக்குப் போன பிறகு, கை வேலையாக இருந்துகொண்டே கேளுங்கள். எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கேட்டால் நம் ஊர் ஆண்கள் எழுந்து போய்விடுவார்கள்.

“மாமா, கொஞ்ச நாளா நீங்க நீங்களா இல்லைங்க. ராத்திரி தூங்கறதில்லை, நான் பார்த்துட்டுத்தான் இருக்கறேன்.” நிறுத்துங்கள். “ஒண்ணுமில்ல கண்ணு” என்பார். விட்டுவிட வேண்டாம். “இப்படியே கண்ணை மூடிட்டாத் தேவலைன்னு எப்பவாச்சும் தோணுதுங்களா?” என்று கேளுங்கள். அதற்குப் பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் ஆனாலும் சரி. அந்த மௌனத்தைத் தாங்க முடியாமல் நாமே, “அப்படியெல்லாம் ஒண்ணும் இல்லைதானுங்களே?” என்று கேட்டு, ‘இல்லை’ என்ற பதிலை அவர் வாயில் வைத்துவிடுகிறோம். நான் பயிற்சி டாக்டர்களிடம் அடிக்கடி திருத்தும் தப்பு இது.

ஆமாம் என்று சொன்னால் அழாதீர்கள், திட்டாதீர்கள், “பேத்தியை நினைச்சுப் பாத்தீங்களா” என்று கேட்காதீர்கள். ‘நான் எல்லோருக்கும் பாரம்’ என்று அவர் ஏற்கெனவே நினைத்துக்கொண்டிருக்கிறார், அதோடு குற்றவுணர்ச்சியும் சேரும். எப்படி என்று ஏதாவது யோசித்து வைத்திருக்கிறாரா, எப்போது என்று நினைத்தாரா என்று மட்டும் கேளுங்கள். வழியும் நேரமும் யோசித்து வைத்திருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, நாளைக்கு என்று தள்ள வேண்டாம். “யார்கிட்டயும் சொல்லாதே கண்ணு” என்று சத்தியம் கேட்டால் செய்து கொடுத்துவிடாதீர்கள். “உங்களை விட்டுட முடியாதுங்க மாமா, அவருகிட்டச் சொல்லித்தான் ஆகணும்” என்று நேராகவே சொல்லிவிடுங்கள்.

கண்ணீரைத் தேடாதீர்கள்

மனச்சோர்வு என்றால் சோகம், சோகம் என்றால் அழுகை என்று ஒரு கணக்கு நம்மிடம் இருக்கிறது. நம் பக்கத்துக் கிழவர்கள் அந்தக் கணக்கில் அகப்படமாட்டார்கள். முப்பது வருடமாகக் கோயம்புத்தூரில் இந்தத் தொழிலில் இருக்கிறேன். “எனக்கு மனசு சரியில்லை” என்று தானாக வந்து சொன்ன அறுபது வயது விவசாயிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். மேல் எரியும், வயிறு மந்தமாக இருக்கும், நெஞ்சில் ஒரு கல்லை வைத்த மாதிரி இருக்கும். அப்புறம் கோபம். வீட்டார் ‘ரோசனையாவே இருக்கறாரு’, ‘வெசனப்படறாரு’ என்பார்கள். சொன்னாலும் அதை நோய்க்கணக்கில் சேர்க்கமாட்டார்கள்.

நாங்கள் பார்ப்பது இரண்டு விஷயத்தை. ஒன்று, மனம் பெரும்பாலான நேரம் தாழ்ந்தே கிடப்பது. இன்னொன்று, பிடித்தது எதுவும் பிடிக்காமல் போவது. இரண்டில் ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். கூடவே தூக்கக் கோளாறு, பசியின்மை அல்லது எடை மாற்றம், அசதி, நடையும் பேச்சும் மெதுவாவது அல்லது ஒரு இடத்தில் நிலைகொள்ளாமை, கவனம் சிதறுவது, தேவையில்லாத குற்றவுணர்ச்சி, சாவைப் பற்றிய நினைப்பு. எல்லாம் சேர்த்து ஒன்பதில் குறைந்தது ஐந்து, இரண்டு வாரத்துக்குக் குறையாமல், அநேகமாக எல்லா நாளும் இருந்து, அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அதை மனச்சோர்வு நோய் என்கிறோம். சந்தைக்குப் போகாதது பிடிப்பு விட்டுப்போனதற்கு அடையாளம். மூன்று மணி விழிப்பு இந்த நோயின் பழைய கையெழுத்து. பெல்ட் ஓட்டை எடை. சொசைட்டிப் பணம் கவனம். மரம் செத்ததற்குத் தன் தண்ணீர்ப் பாய்ச்சலே காரணம் என்பது குற்றவுணர்ச்சி. வேர் வாடல் நோய் எப்படிப் பரவுகிறது என்று அவருக்கே தெரியும், மற்ற தோப்புகளில் விழுந்த மரங்களும் கண் முன்னால் இருக்கின்றன. ஆனாலும் பழியைத் தன் மேல் போட்டுக்கொள்கிறார். எண்ணிப் பாருங்கள், ஐந்து தாண்டிவிட்டது. நேரில் பார்க்காமல் நோய் இதுதான் என்று நான் எழுதித் தர முடியாது. பார்த்தே ஆக வேண்டும் என்று சொல்ல இது போதும்.

மரம் போன துக்கம்தானே, தானாக ஆறிவிடாதா என்று உங்கள் கணவர் கேட்கலாம். துக்கம் அலை மாதிரி வரும் போகும். நடுவில் பேத்தி ஏதாவது சொன்னால் சிரிப்பு வரும், பசிக்கும். ‘மரம் போச்சே’ என்றுதான் இருக்கும். அது ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று மாறும்போதுதான் வைத்தியம் தேவைப்படுகிறது.

என் அப்புச்சி, அம்மாவின் அப்பா, காங்கயம் பக்கம் தோட்டத்தில் இருந்தார். நான் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, மாட்டுக்குக் கழுத்துமணி கட்டி அழகு பார்க்கிற மனுஷன் ஒரு பொங்கலுக்கு மணிகளை எடுக்கவே இல்லை. “மேலுக்குச் சொகமில்ல சாமி” என்றார். நான் நாடி பார்த்து, பிரஷர் பார்த்து, சத்து டானிக் எழுதிக் கொடுத்துவிட்டு ஹாஸ்டலுக்குப் பஸ் ஏறிவிட்டேன். மணியைப் பற்றி என் பாட்டி, அம்மாயி, இரண்டு தடவை சொன்னார், அதை நான் காதில் வாங்கவில்லை. நோய் இன்னதென்று தெரிந்து வைத்தியம் தொடங்க இரண்டு வருடம் ஆயிற்று. நல்லவேளை, அதுவரை இருந்தார்.

வயசா, மறதி நோயா, வேறு ஏதாவதா?

வயசானால் வேகம் குறையும், தூக்கம் கொஞ்சம் குறையும். வயசு மட்டும் ஏழு மாதத்தில் இரண்டு ஓட்டை எடையைக் குறைக்காது. மறதி நோய் பல வருடமாக மெதுவாக வரும், அவர்கள் மறந்ததையே மறைத்துச் சமாளிப்பார்கள். மனச்சோர்வில் வரும் மறதிக்குத் தொடங்கிய மாதம் சொல்ல முடியும், கேட்டால், “எனக்கு ஒண்ணும் ஞாபகம் இல்லை, மூளையே போச்சு” என்று அவர்களே பெரிதாகச் சொல்வார்கள். இரண்டும் சேர்ந்தும் வரலாம் என்பதால் டாக்டர் பரிசோதித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ரத்தப் பரிசோதனையும் தேவை. தைராய்டு குறைந்தாலும், பி12 குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் ஆள் இப்படித்தான் சோர்ந்து கிடப்பார். சர்க்கரைக்கு வருடக்கணக்கில் மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்களுக்கு பி12 குறைவது சாதாரணம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வருவதும் மற்றவர்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு அதிகம். உப்புச் சத்தான சோடியம் எவ்வளவு இருக்கிறது என்றும் பார்த்துவிடச் சொல்லுங்கள், பின்னால் மாத்திரை தொடங்கும்போது அந்த அளவு வேண்டியிருக்கும். முன்பு எப்போதாவது அவர் பத்து நாள் தூங்காமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு, தாம்தூம் என்று செலவு செய்ததுண்டா என்று உங்கள் அத்தையிடம் கேட்டு வையுங்கள். இருந்தால் அது இருமுனை நோயாக இருக்கலாம், மருந்தே வேறு.

பாலில் கலக்காதீர்கள்

அந்தக் கடைக்காரர் கொடுத்த பட்டையின் பெயரை எழுதியிருந்தீர்கள். அல்பிரசோலம். டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கவே கூடாத மாத்திரை. தூங்கவைக்கும், மனச்சோர்வைக் குணப்படுத்தாது. இந்த வயதில் ராத்திரி எழுந்தால் தலை சுற்றிக் கட்டுத்தரையில் விழுவார், இடுப்பெலும்பு முறியும். நாள்பட்டால் அது இல்லாமல் தூக்கம் வராது. நிறைய மாத்திரைகளை வீட்டில் வைத்திருப்பதே ஆபத்து என்று மேலே சொன்னேன், இதுவும் அதில் சேர்த்திதான். டாக்டரிடம் போகும்போது அந்தப் பட்டையையும் கொண்டுபோய்க் காட்டிவிட்டு அங்கேயே கொடுத்துவிடுங்கள்.

மாத்திரை நல்லதாகவே இருந்தாலும் தெரியாமல் கொடுப்பது கூடாது. தன் வைத்தியத்தைத் தெரிந்துகொள்ளவும் ஒப்புக்கொள்ளவும் அவருக்கு உரிமை இருக்கிறது. சட்டத்தை விட்டுவிடுங்கள், ஒரு நாள் டம்ளர் அடியில் வெள்ளையாக ஏதாவது தங்கியிருப்பதை அவர் பார்த்துவிட்டால்? அந்த வீட்டில் அவர் அரைகுறையாகச் சாப்பிடுவதும் நின்றுபோகும். உங்கள் மேல் வைத்திருக்கும் நம்பிக்கை இப்போது அவர் உயிருக்குக் காவல், அதைச் செலவழித்துவிட வேண்டாம்.

கையெழுத்து செல்லாதா?

பெரிய மாமனாரின் பயத்தைக் கிண்டல் செய்யமாட்டேன், பூமி விஷயம். ஆனால், அவர் சொல்வது சரியில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-ன் 3-வது பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: ஒருவருக்கு மனநோய் இருக்கிறது என்று முடிவு செய்யப்பட்டால் அதை மட்டும் வைத்து அவரைப் புத்தி சுவாதீனம் இல்லாதவர் என்று கொள்ளக் கூடாது, நீதிமன்றம் அப்படி அறிவித்திருந்தால்தான் உண்டு. வைத்திய விவரங்களை வெளியே சொல்லாமல் காக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. டாக்டரைப் பார்த்த சீட்டு பத்திரப்பதிவு அலுவலகத்துக்குத் தானாக நடந்து போகாது.

ஆனால், ஒன்று சொல்வேன். இந்த நிலையில் கிரயமோ பாகமோ எதற்கும் அவரிடம் கையெழுத்து வாங்காதீர்கள், ஆறு மாதம் பொறுங்கள். செல்லுமா செல்லாதா என்பதற்காகச் சொல்லவில்லை. எல்லாவற்றையும் உதறிவிட வேண்டும் என்று இருக்கும் ஒருவர் இன்றைக்கு எதில் வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுவார், குணமான பிறகு அதையே நினைத்து மருகுவார். செவலையைக்கூட முடிந்தால் திரும்ப ஓட்டி வந்துவிடுங்கள்.

ஏதாவது நடந்துவிட்டால் போலீஸ் கேஸ் ஆகும், அதனால் ஆஸ்பத்திரிக்குப் போகவே தயங்குவோம் என்கிறவர்களும் நம் பக்கத்தில் உண்டு. தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017 சட்டத்தின் 115-வது பிரிவு சொல்லிவிட்டது. முன்பு 309 என்று சொல்வார்களே, அந்தப் பிரிவே 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்தில் இல்லை. அரசு ஊழியரைப் பணி விஷயத்தில் கட்டாயப்படுத்தவோ, பணி செய்யவிடாமல் தடுக்கவோ அப்படி முயன்றால் மட்டும் குற்றம். உங்கள் அத்தை ‘கரண்டு வெப்பாங்க’ என்று பயப்படுவதாக எழுதியிருந்தீர்கள். மயக்க மருந்து கொடுக்காமல் அந்தச் சிகிச்சையைச் செய்யச் சட்டமே தடை போட்டிருக்கிறது. உங்கள் மாமனாருக்கு அது தேவைப்படுமா என்பது வேறு பேச்சு, பெரும்பாலோர் மாத்திரையிலும் பேச்சு சிகிச்சையிலுமே தேறிவிடுகிறார்கள்.

எப்படி அழைத்துப் போவது?

“மனநல டாக்டர்” என்று எடுத்ததும் ஆரம்பிக்க வேண்டாம், பொய்யும் வேண்டாம். அவரை வாட்டுவது தூக்கமும் வயிறும். அதையே சொல்லுங்கள்: “வயித்துல குறை இல்லைன்னு ஸ்கேன்ல வந்திருச்சுங்க. ஆனா எரிச்சல் நிஜம்தானுங்களே. தூக்கம் கெட்டா வயிறும் கெடும், அதுக்குன்னு ஒரு டாக்டர் இருக்காரு, ஒரு தடவை பாத்துட்டு வந்துரலாம்.” இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. செவலையை ஓட்டிக்கொண்டு போன அத்தையின் தம்பி பேச்சுக்கு அவர் கட்டுப்படுவார் என்று கடிதத்தில் ஓரிடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அவரையே அழைத்து எல்லாவற்றையும் சொல்லுங்கள். மச்சானும் மச்சானும் ஒரு வண்டியில் போனால் பாதி வேலை முடிந்தது.

கோயம்புத்தூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பொள்ளாச்சி அரசு மருத்துவமனையிலும் மனநல மருத்துவர் எந்தக் கிழமை பார்க்கிறார் என்று விசாரியுங்கள், பக்கத்திலேயே முடிந்துவிடும். வர மறுத்தால் நீங்கள் மட்டுமாவது போய்ப் பேசுங்கள். காப்பீடு இருந்தால் அதையும் எடுத்துப் பாருங்கள். மற்ற நோய்களைப் போலவே மனநோய்க்கும் காப்பீடு கொடுக்க வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது.

மாத்திரை தொடங்கினால் முதல் வாரம் குமட்டும், வயிறு கொஞ்சம் கலக்கும். பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம், முழுசாகத் தெரிய இன்னும் கூட ஆகும். ‘பத்து நாள் சாப்பிட்டாரு, ஒண்ணும் ஆகலை’ என்று நிறுத்துகிறவர்கள்தான் அதிகம். இவை போதை மாத்திரைகள் அல்ல. ஆனாலும் சட்டென்று நிறுத்தக் கூடாது. குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் தொடர வேண்டியிருக்கும். ஒரு எச்சரிக்கை: முதல் சில வாரங்களில் மனம் தேறுவதற்கு முன்பே உடம்பில் தெம்பு வந்துவிடலாம். அந்த நாட்களில் காவலைத் தளர்த்தாதீர்கள், பக்கத்துக் கட்டிலை எடுத்துவிடாதீர்கள்.

அத்தை கொடுமுடி போகட்டும். தடுக்காதீர்கள், முடிந்தால் மாமனாரையும் கூட்டிப்போகட்டும். காவிரியில் குளித்துவிட்டு நாலு பேரைப் பார்த்து வருவது நல்லதுதான். டாக்டரிடம் போகும் தேதியைத் தள்ளிவைக்காமல் போனால் சரி. வீட்டில் அவருக்குச் சின்னதாக ஒரு வேலை கொடுங்கள். “ஏதாச்சும் பண்ணுங்க” என்றால் நடக்காது. “இந்த அஞ்சு கன்னுக்கும் சாயங்காலம் ஒரு குடம் தண்ணி நீங்கதான் ஊத்தணும்” என்றால் செய்வார். செய்யாத நாள் கேட்காதீர்கள்.

திங்கட்கிழமை போகிறோம் என்று பதில் எழுதியிருந்தீர்கள். பழைய சீட்டுகள், ஸ்கேன் ரிப்போர்ட், இப்போது போடும் எல்லா மாத்திரையின் பட்டையும் ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். டாக்டர் முன்னால் அவர், “நல்லாத்தான் இருக்கறேன்” என்பார், உங்கள் கணவரும் தலையாட்டுவார். அதனால் எனக்கு எழுதியதையே ஒரு தாளில் தேதி போட்டு எழுதி டாக்டர் கையில் கொடுத்துவிடுங்கள்: மூன்று மணி, வட்டல், சந்தை, மொய் நோட்டு. பெல்ட்டையும் மறக்காமல் எழுதுங்கள்.